காரை வாங்கினீர்கள், பாலிசியை வாங்கவில்லையே!

கேள்வி: எங்களிடம் இருப்பது 2019 மாடல் ஸ்விஃப்ட், பெட்ரோல் வண்டி. போன வருடம் என் கணவரின் அலுவலக நண்பரிடமிருந்து வாங்கினோம். ஆர்.சி. கணவர் பெயருக்கு மாறிவிட்டது. இன்சூரன்ஸ் நவம்பர் 9-ஆம் தேதி முடிகிறது. பாலிசியில் இன்னும் நண்பரின் பெயர்தான் இருக்கிறது. புதுப்பிக்கும்போது மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். ஏஜென்ட் மூன்று கணக்குக் கொடுத்திருக்கிறார். தேர்ட் பார்ட்டி மட்டும் என்றால் ரூ.4,420. ஃபுல் இன்சூரன்ஸ் ரூ.8,430, இதில் 35 சதவீதம் நோ கிளெய்ம் போனஸ் கழித்திருக்கிறாராம். ஜீரோ டெப்ரிசியேஷனும் என்ஜின் பாதுகாப்பும் சேர்த்தால் ரூ.12,920. ஐ.டி.வி., அதாவது வண்டியின் காப்பீட்டு மதிப்பு, ரூ.3,90,000 என்று போட்டிருக்கிறார். "ஆறு வருஷ வண்டிக்கு எதுக்கு ஃபுல்லு? போலீஸ் பிடிக்காம இருந்தா போதும், தேர்ட் பார்ட்டியே போடு" என்கிறார் கணவர். வண்டி மாதம் 500 கிலோமீட்டர் ஓடினாலே அதிகம். மகளுக்கு இப்போதுதான் லைசென்ஸ் வந்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டிப் பழகுகிறாள். வீடு முடிச்சூரில்; தரைத்தளத்தில்தான் பார்க்கிங். எதை எடுப்பது?
– ஒரு வாசகி, முடிச்சூர்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, மூன்றில் எது என்பதற்கு அப்புறம் வருகிறேன். உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் என்னை உட்கார வைத்துவிட்டது: "பாலிசியில் இன்னும் நண்பரின் பெயர்தான் இருக்கிறது."

முப்பது வருடமாக நான் வாகன சர்வேயர். கார் இடித்தாலும் முங்கினாலும் எரிந்தாலும் இழப்பு எவ்வளவு என்று மதிப்பிட்டுக் கம்பெனிக்கு அறிக்கை கொடுப்பது என் வேலை. ஒர்க்‌ஷாப்பில் போய் நசுங்கின இடத்தைப் பார்ப்பதற்கு முன்னால் நான் பார்ப்பது இரண்டு காகிதம். ஒன்று ஆர்.சி., இன்னொன்று பாலிசி. இரண்டிலும் ஒரே பெயர் இருக்கிறதா? இல்லை என்றால் அந்த கிளெய்ம் அங்கேயே நொண்ட ஆரம்பித்துவிடும்.

காரணம் இதுதான். வண்டி கைமாறும்போது பழைய பாலிசியின் தேர்ட் பார்ட்டி பகுதி மட்டும் தானாகப் புது உரிமையாளருக்கு மாறிவிடும். மோட்டார் வாகனச் சட்டம் 157-ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. உங்கள் கார் யார் மேலாவது மோதினால் அவருக்கு நஷ்டஈடு போய்ச் சேரும். ஆனால் உங்கள் காருக்கு ஏற்படும் சேதம் இதில் வராது. அந்தப் பகுதி பழைய உரிமையாளருக்கும் கம்பெனிக்கும் இடையே உள்ள ஒப்பந்தம், தானாக மாறாது என்று 1996-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கை மாறின 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுதி மாற்றிக்கொள்ள வேண்டும். நீங்கள் ஒரு வருடமாக மாற்றவில்லை. அதாவது இந்த ஒரு வருடமும் உங்களிடம் இருந்தது வெறும் தேர்ட் பார்ட்டிதான். உங்கள் வீட்டுக்காரர் கேட்டது கேட்காமலே கிடைத்திருக்கிறது! போதாக்குறைக்கு, உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடும் நண்பர் பெயரில்தான் நிற்கிறது. உங்கள் கணவருக்கு அதில் ஒரு பைசா வராது.

ஆகையால் நவம்பர் 9 வரை காத்திருக்காதீர்கள். ஐப்பசி மழை அதற்கு முன்பே வந்துவிடும். புது ஆர்.சி.யின் நகல், பழைய பாலிசி, "மாற்றிக்கொடுப்பதில் ஆட்சேபணை இல்லை" என்று நண்பர் கையெழுத்திட்ட கடிதம், உங்கள் கணவர் நிரப்பிய புது விண்ணப்பம், இவற்றோடு கம்பெனிக்குப் போனால் பெயரை மாற்றித் தருவார்கள். நாள் கடந்துவிட்டதால் வண்டியை ஒரு தடவை ஆள் அனுப்பிப் பார்ப்பார்கள். கட்டணம் சொற்பம். நண்பருக்கும் இதில் லாபம் இருக்கிறது, அதைச் சொன்னால் அவர் உடனே கையெழுத்துப் போடுவார்: அந்த 35 சதவீத நோ கிளெய்ம் போனஸ் அவருடையது.

ஆமாம், அது உங்களுடையது இல்லை. போனஸ் வண்டிக்குச் சேர்வது அல்ல, ஆளுக்குச் சேர்வது. வருடம் முழுக்க கிளெய்ம் கேட்காமல் இருந்தவருக்கு முதல் வருடம் 20 சதவீதம், அப்புறம் 25, 35, 45 என்று ஏறி 50-இல் நிற்கும். காரை விற்றவர் கம்பெனியிடம் ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொண்டால் 3 வருடத்துக்குள் தான் வாங்கும் அடுத்த காருக்கு அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். வாங்கியவர் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். உங்கள் ஏஜென்ட் தெரிந்து செய்தாரா, பழைய பாலிசியை அப்படியே பார்த்துப் போட்டாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த 35-ஐ வைத்துப் பாலிசி எடுத்துவிட்டு நாளைக்கு ஒரு பெரிய கிளெய்ம் போட்டீர்கள் என்றால், கம்பெனி முதலில் சரிபார்ப்பது அதைத்தான். தவறான தகவல் கொடுத்தீர்கள் என்று சொந்தச் சேதத்துக்கான பணத்தை மறுத்துவிடுவார்கள். மிச்சம் பிடித்த இரண்டாயிரத்துக்காக லட்சம் போகும்.

எவ்வளவு கூடும் என்று பார்த்துவிடலாம். 1,000 சி.சி.க்கு மேல் 1,500 சி.சி. வரை உள்ள கார்களுக்கு 2022 ஜூனிலிருந்து அரசு அறிவித்த தேர்ட் பார்ட்டி கட்டணம் ரூ.3,416. உங்கள் வண்டி 1,197 சி.சி., அதனால் இந்தக் கணக்குதான். உங்கள் ஏஜென்ட் இதோடு கணவருக்கான விபத்துக் காப்பீட்டுக்கு 330 ரூபாய் போட்டு, 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்த்திருக்கிறார்; 4,420 வந்துவிட்டது. (தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி.யை எடுத்துவிட்டார்கள். வண்டிக்கு எடுக்கவில்லை.) ஃபுல் இன்சூரன்ஸில் சொந்தச் சேதத்துக்கான பிரீமியமாக அவர் போட்டிருப்பது 3,400 ரூபாய் அளவுக்கு வருகிறது. 35 சதவீதத் தள்ளுபடி இல்லை என்றால் அது 5,230 ஆகும். வரியோடு சேர்த்து 2,160 ரூபாய் கூடும். ஆக, உங்களுக்கு ஃபுல் இன்சூரன்ஸ் 8,430 இல்லை, 10,590.

சரி, இப்போது உங்கள் கணவர் கட்சிக்கு வருவோம். தேர்ட் பார்ட்டி போதுமா?

போலீஸுக்குப் போதும். தேர்ட் பார்ட்டிகூட இல்லாமல் ஓட்டினால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம் அல்லது 3 மாதம் வரை சிறை, சில சமயம் இரண்டுமே. மறுபடி மாட்டினால் அபராதம் 4,000. அதைத் தவிர்க்க 4,420 ரூபாய் பாலிசி தாராளம். அதை நான் மட்டமாகவும் பேச மாட்டேன். இந்த மூன்றில் உண்மையிலேயே பெரிய பாதுகாப்பு அதுதான். உங்கள் கார் மோதி ஒருவர் இறந்தாலோ கை கால் போனாலோ, மோட்டார் விபத்து தீர்ப்பாயம் 20 லட்சம் என்றாலும் 80 லட்சம் என்றாலும் கம்பெனிதான் கட்டும். அதற்கு உச்சவரம்பு கிடையாது. அடுத்தவர் சொத்துக்கு, அதாவது அவர் காருக்கோ காம்பவுண்டு சுவருக்கோ ஏற்படும் சேதத்துக்கு மட்டும் 7.5 லட்சம் வரை. இந்த 7.5 லட்சத்தை 6,000 ரூபாயாகக் குறைத்துக்கொண்டால் பிரீமியத்தில் நூறு ரூபாய் தள்ளுபடி என்று சிலர் சொல்வார்கள். எடுக்காதீர்கள். இன்று ஒரு ஆட்டோவின் கண்ணாடியும் பம்பரும் சேர்ந்தாலே ஆறாயிரத்தைத் தொட்டுவிடும்.

ஆனால் தேர்ட் பார்ட்டி என்ற சொல்லிலேயே ஒரு பொறி இருக்கிறது. காருக்கு வெளியே இருப்பவர் தேர்ட் பார்ட்டி. உள்ளே பின் சீட்டில் உட்கார்ந்திருக்கும் நீங்கள்? உங்கள் மாமியார்? பக்கத்து வீட்டு அக்கா?

இதை எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். எல்லோரும் "நாங்களும்தானே" என்கிறார்கள். இல்லை. சட்டம் கட்டாயமாக்கியிருக்கும் அந்தக் குறைந்தபட்ச பாலிசியில் சொந்தக் காரில் சும்மா ஏறி வருகிறவர்கள் வர மாட்டார்கள். ஃபுல் இன்சூரன்ஸ் என்று நாம் சொல்லும் பேக்கேஜ் பாலிசியில் வருவார்கள். இந்த வித்தியாசத்தை 2012-இல் உச்ச நீதிமன்றமே பிரித்துச் சொல்லியிருக்கிறது: பேக்கேஜ் பாலிசி என்றால் காரில் பயணம் செய்தவர்களுக்கும் கம்பெனி பொறுப்பு, வெறும் சட்டப்படியான பாலிசி என்றால் இல்லை. ஆறு வருட வண்டிக்கு எதுக்கு ஃபுல்லு என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்டால் வண்டியின் வயதை விட்டுவிடுங்கள், வண்டிக்குள் யார் யார் உட்காருகிறார்கள் என்று எண்ணிக் காட்டுங்கள்.

இன்னும் ஒரு சந்து இருக்கிறது. ஓட்டுகிறவர். கணவர் ஓட்டினால் அந்த 15 லட்சம் அவருக்கு உண்டு: இறப்புக்கு முழுத் தொகை, இரண்டு கை அல்லது இரண்டு கண் போனால் முழுத் தொகை, ஒன்று போனால் பாதி. ஆஸ்பத்திரி பில்லுக்கு அது உதவாது. அவர் பைக் பாலிசியிலோ வேறு தனி பாலிசியிலோ இதே 15 லட்சம் ஏற்கெனவே இருந்தால் காருக்குத் திரும்பவும் எடுக்க வேண்டியதில்லை, 330 ரூபாய் மிச்சம். ஆனால் உங்கள் மகள் ஓட்டும்போது அவளுக்கு அது கிடையாது. அவள் வண்டியின் உரிமையாளர் இல்லை; தேர்ட் பார்ட்டியும் இல்லை, உரிமையாளரின் இடத்தில் நிற்பவள். ஸ்டியரிங் பிடித்த அவள் மேல்தான் தவறு என்றால் அவளுக்கு எங்கிருந்தும் வராது. பெயர் குறிப்பிடாத பயணிகளுக்கான விபத்துக் காப்பீடு என்று ஒன்று உண்டு. ஆளுக்கு 1 லட்சத்துக்கு 50 ரூபாய் போலத்தான் ஆகும், 2 லட்சம் வரை எடுக்கலாம். அதைச் சேர்க்கச் சொல்லுங்கள். ஓட்டுகிறவருக்கும் அது பொருந்துமா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கு மேல் மகள் பெயரில் தனியாக ஒரு விபத்து பாலிசி எடுப்பது இன்னும் நல்லது. அவள் ஸ்கூட்டியில் போனாலும் பஸ்ஸில் போனாலும் கூடவே வரும்.

மகள் ஓட்டுவதால் கார் கிளெய்ம் பாதிக்குமா என்ற பயம் வேண்டாம். செல்லுபடியாகும் லைசென்ஸ் இருந்து, வீட்டுக்காரர் சம்மதத்தோடு யார் ஓட்டினாலும் பாலிசி பேசும்.

இனி முடிச்சூர்.

கடிதத்தில் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் எனக்கு 2015 டிசம்பர்தான் ஞாபகம் வந்தது. அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் முங்கிய அந்த வாரம் முடிந்ததும் எங்களுக்கு வேலை தொடங்கியது. ஒர்க்‌ஷாப் வாசலில் இடமில்லாமல் தெருவோரமாகக் கார்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். கதவைத் திறந்தால் சாக்கடை நாற்றம். ஒரு வெள்ளைக் கார், உங்கள் வண்டி மாதிரிதான், சின்ன ஹேட்ச்பேக். சீட்டில் முக்கால் உயரத்துக்குச் சேற்றுக் கோடு. பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்றார், வண்டி அவர் மகனுடையது. "தண்ணி வடிஞ்சப்புறம்தான் சார் எடுத்தோம்" என்றார். நான் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறக்கச் சொன்னேன். ஃபில்டர் ஊறிப்போய் அட்டை மாதிரி கையோடு பிய்ந்து வந்தது. மெக்கானிக் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினார், இரண்டாவது சிலிண்டரில் தண்ணீர். அப்புறம் ஆயில் சம்ப்பை இறக்கிப் பார்த்தால் கனெக்டிங் ராடு ஒன்று வளைந்திருந்தது.

நின்ற இடத்தில் முங்கின வண்டிக்கு ராடு வளையாது. யாரோ சாவியைத் திருப்பியிருக்க வேண்டும். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. பிஸ்டன் மேலே வரும்போது தண்ணீர் வழிவிடாது, ராடு வளைந்துவிடும். எங்கள் பாஷையில் ஹைட்ரோஸ்டாட்டிக் லாக். பெரியவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஸ்டார்ட் ஆகுதான்னு ஒரே ஒரு தடவைதான் சார் பார்த்தேன்" என்றார். அந்த ஒரு தடவைக்கு என்ஜின் வேலை மட்டும் லட்சத்தை நெருங்கியது. சீட்டு, வயரிங், மின்சாமான்கள் எல்லாவற்றுக்கும் கம்பெனி கொடுத்தது. வெள்ளமும் புயலும் ஃபுல் இன்சூரன்ஸில் சேர்ந்தவைதான். என்ஜினுக்குக் கொடுக்கவில்லை. வெள்ளத்தால் வந்த சேதம் இல்லை, வெள்ளத்துக்குப் பிறகு ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம் என்று பிரித்துவிட்டார்கள். அறிக்கையை எழுதியது நான்தான். எழுதியது சரிதான், ஆனாலும் அந்தப் பெரியவர் முகம் மறக்கவில்லை.

அந்த வண்டிக்கு என்ஜின் பாதுகாப்பு என்ற ஆட்-ஆன், அதாவது தனியாகப் பணம் கட்டிச் சேர்க்கும் கூடுதல் காப்பு, இருந்திருந்தால் கதை வேறு. உங்கள் ஏஜென்ட் கணக்கில் அதற்கு 900 ரூபாய் அளவில் வருகிறது, வரியோடு 1,060. தேனியிலோ ஓசூரிலோ மேட்டில் வீடு உள்ள ஒருவர் கேட்டிருந்தால் யோசித்துச் சொல்லியிருப்பேன். முடிச்சூரில் தரைத்தள பார்க்கிங் என்கிறீர்கள். 2023 மிக்ஜாம் புயலுக்குப் பிறகு சென்னையில் மழை எச்சரிக்கை வந்தாலே வேளச்சேரி மேம்பாலத்தில் காரைக் கொண்டுபோய் நிறுத்துகிற காலம் இது. கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள்.

எடுத்துவிட்டோம் என்ற தைரியத்தில் தண்ணீரில் இறக்கிவிடாதீர்கள். பல கம்பெனிகளின் ஆட்-ஆன் வாசகத்திலேயே, தண்ணீர் புகுந்தது தெரிந்த பிறகும் மீண்டும் மீண்டும் ஸ்டார்ட் செய்யக்கூடாது, இத்தனை நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று நிபந்தனை இருக்கும். கார் முங்கினால் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: சாவியைத் தொடக்கூடாது. தண்ணீர் எதுவரை நின்றது என்று தெரிகிற மாதிரி நான்கு பக்கமும் போட்டோ எடுங்கள். தண்ணீர் வடிந்ததும் தெரிந்தவரை விட்டு பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றச் சொல்லுங்கள். கம்பெனிக்கு போன் செய்து கிளெய்ம் பதிவு எண் வாங்குங்கள். வண்டி டோ வண்டியில்தான் ஒர்க்‌ஷாப் போக வேண்டும். கியரில் தள்ளி ஸ்டார்ட் செய்து தருகிறேன் என்று தெருவில் ஒருவர் கட்டாயம் வருவார். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

ஜீரோ டெப்ரிசியேஷன் வேறு விஷயம். இதைத்தான் ஊரில் பம்பர் டு பம்பர் என்கிறார்கள். அந்தப் பெயரே குழப்பம். 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் புது வண்டிகளுக்கு ஐந்து வருடம் பம்பர் டு பம்பர் கட்டாயம் என்று ஓர் உத்தரவு போட்டு, அடுத்த மாதமே திரும்பப் பெற்றுக்கொண்டது. நீதிமன்றம் நினைத்தது வண்டிக்குள் இருக்கும் ஆட்களுக்கான பாதுகாப்பு. காப்பீட்டுச் சந்தையில் அந்தப் பெயருக்கு அர்த்தம் உதிரிபாகத்தின் தேய்மானத்தைக் கழிக்காமல் கொடுப்பது. ஆட்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

உங்கள் வண்டியையே வைத்துச் சொல்கிறேன். மகள் ஓட்டும்போது முன்னால் போன வேனில் இடித்துவிட்டாள் என்று வையுங்கள், கற்பனைதான். பில் இப்படி வருகிறது: பம்பர் 4,200, ஃபெண்டர் 3,000, பானட் 7,500, முன் கண்ணாடி 6,000, பெயின்டிங் 12,000, டிங்கரிங் கூலி 5,000. மொத்தம் 37,700. சாதாரண ஃபுல் இன்சூரன்ஸில் நான் பேனாவை எடுத்தால் பிளாஸ்டிக்குக்குப் பாதி கழிப்பேன். பம்பரில் 2,100 போச்சு. இரும்புப் பாகத்துக்கு 5 வருடம் தாண்டி 10 வருடம் வரை 40 சதவீதம். ஃபெண்டரில் 1,200, பானட்டில் 3,000. கண்ணாடிக்குக் கழிவே இல்லை. பெயின்டிங்கில் கால் பங்கை பெயின்ட் விலையாக எடுத்து அதில் பாதி, 1,500. கூலிக்கு ஒன்றுமில்லை. ஆக 7,800. அதோடு எந்த கிளெய்முக்கும் நீங்கள் கட்டாயமாகப் போட வேண்டிய 1,000 ரூபாய். உங்கள் கையிலிருந்து 8,800, கம்பெனி 28,900. ஜீரோ டெப் இருந்தால் அந்த 7,800 உங்களுக்கு மிச்சம், 1,000 மட்டும் கட்டுவீர்கள்.

அதற்கு ஏஜென்ட் கேட்பது வரியோடு 3,420 அளவில். வருடத்துக்கு ஓர் இடி இடித்தால் லாபம், இடிக்காவிட்டால் நஷ்டம். மாதம் 500 கிலோமீட்டர் நிதானமாக ஓட்டும் கணவர் மட்டும் ஓட்டினால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். ஆனால் புதிதாக லைசென்ஸ் எடுத்தவர் கையில் வண்டி இருக்கும் முதல் வருடம்! என் மகன் ஓட்டப் பழகின வருடம் எங்கள் வீட்டு கேட்டுக்கே இரண்டு தடவை வெல்டிங் வைத்தோம். அதனால் இந்த ஒரு வருடம் எடுங்கள், அடுத்த வருடம் விட்டுவிடலாம். எடுக்கும்போது வருடத்துக்கு எத்தனை கிளெய்ம் என்று கேளுங்கள், பல கம்பெனிகள் இரண்டோடு நிறுத்திவிடும். ஆறு வருடம் தாண்டின வண்டிக்கு எல்லாக் கம்பெனியும் ஜீரோ டெப் தராது என்பதால் ஏஜென்ட் சொன்னதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பணம் இடித்தால்? ஃபுல் இன்சூரன்ஸ், என்ஜின் பாதுகாப்பு, ஜீரோ டெப் மூன்றும் சேர்ந்து 15,070 ரூபாய் போல வரும். முதலில் விட வேண்டியது ஜீரோ டெப். அது போனால் 11,650. என்ஜின் பாதுகாப்பை விடாதீர்கள். பேக்கேஜ் பாலிசியை விட்டுவிட்டு 4,420-க்கு இறங்குவது, உங்கள் வீட்டுக்கும் உங்கள் ஊருக்கும் என்னால் ஒத்துக்கொள்ள முடியாதது. 8,800 ரூபாயைக் கைக்காசாகப் போடலாம், கொஞ்சம் வலிக்கும், அவ்வளவுதான். 3.9 லட்ச ரூபாய் வண்டி மொத்தமாக முங்கினால் அதைக் கைக்காசில் போட முடியுமா என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள்.

அந்த 3.9 லட்சம்தான் ஐ.டி.வி. வண்டி திருடு போனாலோ, பழுதுச் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினாலோ கம்பெனி கொடுக்கும் உச்சத் தொகை. 5 வருடம் வரை இதற்குப் பட்டியல் உண்டு. 4 வருடம் முடிந்து ஐந்தாவது வருடத்தில் விலையில் பாதி கழியும். அதைத் தாண்டின வண்டிக்கு நீங்களும் கம்பெனியும் பேசி முடிவு செய்வதுதான். இங்கேதான் பிரீமியம் குறைவு என்று காட்ட ஐ.டி.வி.யை இறக்கிவிடுவார்கள். 3.9-ஐ 3 லட்சம் ஆக்கினால் பிரீமியத்தில் சில நூறு ரூபாய் குறையும், முங்கின அன்றைக்கு 90,000 குறையும். உங்கள் ஏரியாவில் இதே வருட ஸ்விஃப்ட் என்ன விலைக்குப் போகிறது என்று இரண்டு பழைய கார் கடையில் விசாரித்துவிட்டு அதற்குப் பக்கத்தில் வையுங்கள்.

வேறு சில ஆட்-ஆன்களையும் ஏஜென்ட் நீட்டுவார். வண்டி மொத்தமாகப் போனால் வாங்கின விலையையே கொடுக்கும் ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் புது வண்டிக்கு, உங்களுக்கு இல்லை. சாவி, டயர், கன்சியூமபிள்ஸ் (ஆயில், நட்டு போல்ட் மாதிரி சில்லறைச் சாமான்கள்) எல்லாம் விருப்பம். சாலையோர உதவி சல்லிசாகக் கிடைத்தால் எடுக்கலாம், வழியில் பேட்டரி போனால் ஆள் வருவான். நோ கிளெய்ம் போனஸ் பாதுகாப்பு, உங்களிடம் இப்போது போனஸே இல்லை என்பதால் வீண். "நானே இவ்வளவு ஏற்கிறேன்" என்று 2,500-இலிருந்து 15,000 வரை கூடுதல் கழிவை ஒத்துக்கொண்டால் பிரீமியம் குறைப்பார்கள். மகள் பழகுகிற வருடத்தில் அது வேண்டாம்.

சின்னக் கீறலுக்கெல்லாம் கிளெய்ம் போடாதீர்கள். கிளெய்ம் இல்லாமல் இந்த வருடம் முடிந்தால் அடுத்த வருடம் 20 சதவீதம், கிட்டத்தட்ட ஆயிரம் ரூபாய் குறையும், அப்புறம் வருடா வருடம் ஏறும். இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய் வேலையைக் கைக்காசில் முடித்துக்கொள்வதே கணக்கு. பாலிசி முடிந்து 90 நாளைக்குள் புதுப்பிக்காவிட்டால் சேர்த்த போனஸும் போய்விடும். ஒரு நாள் தாமதமானாலும் வண்டியைத் திரும்பப் பரிசோதித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள், இடைப்பட்ட நாளில் நடந்ததற்கு யாரும் பொறுப்பில்லை.

புதுக் கார் வாங்கியவர்களும் இதைப் படிப்பீர்கள் என்பதால் ஒரு வார்த்தை. 2018 செப்டம்பரிலிருந்து புதுக் காருக்கு 3 வருட தேர்ட் பார்ட்டி கட்டாயம். அந்த 3 வருடத்தைப் பார்த்துவிட்டு, சொந்தச் சேதத்துக்கான பகுதி முதல் வருடத்தோடு முடிந்ததைக் கவனிக்காமல் விட்டவர்கள் ஏராளம். உங்கள் பாலிசியில் தேதி இரண்டு இருக்கும். இரண்டையும் பாருங்கள்.

சகோதரி, நண்பரிடம் அந்தக் கையெழுத்துக்குப் போகும்போது இன்னொன்றும் கேளுங்கள். கார் வாங்கும்போது அவர் இரண்டு சாவியும் கொடுத்தாரா? திருட்டு கிளெய்ம் என்றால் எஃப்.ஐ.ஆருக்கு அடுத்தபடியாகக் கம்பெனி கேட்பது இரண்டு சாவியையும்தான். ஒன்றுதான் இருக்கிறது என்றால் மற்றது எங்கே என்பதற்கு நீங்கள் கதை சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். அவர் வீட்டு டிராயரில் எங்காவது கிடக்கும். தேடித் தரச் சொல்லுங்கள்.